சொந்த ஆண் பன்றியா, சினை ஊசியா? சென்னைப் புறநகர்ப் பண்ணைக்கு எது சரி

போன வருடம் வைகாசிக் கடைசியில் ஏழு தாய்ப்பன்றிகளை எங்கள் ஆண் பன்றியிடம் சேர்த்தேன். குட்டிகளைப் பால் மறக்கடித்த ஒரு வாரத்துக்குள் பருவத்துக்கு வந்தவை. எல்லாம் நல்ல உடம்பு, அசையாமல் நின்று கொடுத்தன. 21ஆம் நாள் பார்த்தால் அதில் நான்கு மறுபடி பருவத்தில் நிற்கின்றன, அதாவது சினை பிடிக்கவில்லை. தை மாதத்தில் இதே ஆண் பன்றிதான் எட்டில் ஏழைச் சினையாக்கியிருந்தது. தீவனம் மாறவில்லை, நோய் எதுவும் இல்லை, கத்திரி வெயில்கூட முடிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது.

வந்து பார்த்த கால்நடை மருத்துவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "மே மாசம் இவனை எங்க நிறுத்தியிருந்தீங்க?"

தகரக் கூரையின் மேற்கு மூலையில். மதியம் இரண்டு மணிக்கு நாமே அங்கே நிற்க முடியாது. பன்றிக்கு நம்மைப் போல வியர்த்து உடம்பு தணியாது. விந்தணு உருவாகி, முதிர்ந்து, வெளியே வர ஆறேழு வாரம் பிடிக்கும். அதனால் மே மாத வெயிலில் கெட்டது ஜூன் மாதத்துச் சேர்க்கையில்தான் தெரிகிறது. ஆள் தெம்பாக இருக்கும், ஆசையாக ஏறும், விந்தில் மட்டும் சத்து இருக்காது.

அந்த நான்கு பன்றிகளுக்குப் பிறகுதான், இருக்கும் வழிகளை உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். செங்குன்றம் பக்கம் 12 தாய்ப்பன்றி வைத்திருக்கிற என் அளவுக்குப் போட்ட கணக்கு இது. நூறு பன்றிப் பண்ணைக்கு இது அப்படியே பொருந்தாது. நம்மைப் போன்றவர்களுக்கு மூன்று வழிகள் இருக்கின்றன: சொந்தமாக ஆண் பன்றி வைத்துக்கொள்வது, பக்கத்துப் பண்ணையிலிருந்து இரவல் வாங்குவது, சினை ஊசி (சேகரித்த விந்தைக் குழாய் வழியாகத் தாய்ப்பன்றிக்குள் செலுத்துவது).

இரவலை முதலிலேயே தள்ளிவிடலாம்

மலிவு என்பதைத் தவிர இதற்குச் சாதகமாக ஒன்றும் இல்லை. மாட்டில் கன்று வீச்சு நோய் (சினை கலைந்துபோகும் நோய்) என்கிறோமே, அந்தக் கிருமியின் வகை ஒன்று பன்றிக்கும் உண்டு. ஆண் பன்றி வெளியே கொழுகொழுவென்று இருக்கும், விந்தில் கிருமி இருக்கும். நானும் ஒரு முறை இரவல் வாங்கினேன். இரண்டு பன்றிகள் மூன்றாம் மாதத்தில் குட்டி வீசின. ரத்தப் பரிசோதனை செய்து பார்த்து, இரண்டையும் கழித்துக்கட்ட வேண்டியதாயிற்று. அந்தக் கிருமி கைவழியாக மனிதர்களுக்கும் வரும். வீசிய குட்டியை வெறுங்கையால் எடுத்தவர் என் அண்ணன். அவருடைய பரிசோதனை முடிவு வரும்வரை வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை.

2020இல் அசாமிலும் அருணாசலப் பிரதேசத்திலும் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் முதன்முதலாக இந்தியாவுக்குள் வந்தது. அதற்கு மருந்து கிடையாது, நம் கையில் தடுப்பூசியும் கிடையாது. அதன் பிறகும் ஓர் ஆண் பன்றியை நான்கு பண்ணைக்கு வண்டியில் ஏற்றி அனுப்புவது நெருப்பை மடியில் கட்டிக்கொள்வதுதான். காசு மிச்சம் என்று யார் சொன்னாலும் இதில் இறங்காதீர்கள்.

மிச்சம் இரண்டு வழி: சொந்த ஆண் பன்றி, சினை ஊசி.

காசுக் கணக்கு

வளர்ந்த ஆண் பன்றிக்கு ஒரு நாளைக்கு இரண்டரைக் கிலோ அடர்தீவனம் வேண்டும். கிலோ 30 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 27,375 ரூபாய். வாங்கிய விலை, தடுப்பூசி, தனிக் கொட்டடி எல்லாம் இதற்கு வெளியே. "ஹோட்டல் மீதிதானே போடுகிறோம், தீவனச் செலவு ஏது?" என்று கேட்பவர்கள் உண்டு. சென்னையைச் சுற்றிப் பல பண்ணைகள் அதை வைத்துத்தான் ஓடுகின்றன, எனக்கும் தெரியும். ஆனால் பிரியாணி மீதியும் எண்ணெய்ச் சோறும் தின்று கொழுத்த ஆண் பன்றி ஏறச் சோம்பும், காலில் வலு போகும். தாய்ப்பன்றி கொழுத்தாலும் சினை பிடிப்பது குறையும், ஈனும்போதும் சிரமப்படும். மீதிச் சோறு போடுவதென்றால் நன்றாகக் கொதிக்கவைத்து, தாய்ப்பன்றிக்கும் ஆண் பன்றிக்கும் அளந்து போடுங்கள்.

ஊசிப் பக்கம் வருவோம். 12 தாய்ப்பன்றி, வருடத்துக்கு இரண்டு ஈற்று, ஒவ்வொரு பருவத்துக்கும் இரண்டு முறை ஊசி. மொத்தம் 48 புட்டி விந்து. 27,375ஐ 48ஆல் வகுத்தால் 570 ரூபாய். அதாவது, போக்குவரத்தோடு சேர்த்து ஒரு புட்டி 570 ரூபாய்க்குக் கீழே கிடைத்தால், தீவனச் செலவை மட்டும் பார்த்தாலே ஊசி லாபம். நான்கே பன்றி வைத்திருப்பவருக்கு இதே கணக்கு 16 புட்டி, ஒன்றுக்கு 1,700 ரூபாய் வரை தாங்கும். பன்றி குறையக் குறைய சொந்த ஆண் பன்றி கட்டுப்படியாகாது. 100 பெண் பன்றிக்கு 10 ஆண் பன்றி என்பது தேசிய கால்நடை இயக்கத்தின் மானியத் திட்டக் கணக்கு. அதையே அளவாக வைத்தால், நான்கு பன்றிக்காக ஓர் ஆண் பன்றியை வளர்ப்பது பாதிக்கு மேல் வீண் தீனி.

விந்தைச் சேகரிக்கும் இடத்தில், ஒரு முறை எடுத்த விந்தைக் கரைசல் சேர்த்துப் பிரித்தால் 10 முதல் 20 புட்டி வரை தேறும். நல்ல ஆண் பன்றி ஒன்று ஊருக்கே தகப்பனாவது இப்படித்தான். பிரிப்பதற்கு முன் நுண்ணோக்கியில் உயிரோட்டம் பார்ப்பார்கள். என் தகரக் கூரையின் கீழ் நடந்த தவறு அங்கே அந்த நிமிடமே தெரிந்திருக்கும்.

மகள்களிடம் திரும்பி வரும் கணக்கு

சொந்த ஆண் பன்றி வைத்திருப்பவர்கள் பலர் கவனிக்காத கணக்கு ஒன்று உண்டு. இன்று முதல் சேர்க்கை நடக்கிறது என்று வையுங்கள். சினைக்காலம் 114 நாள். பிறந்த பெண் குட்டி எட்டு மாதத்தில் சேர்க்கைக்குத் தயார். ஒரே வருடத்தில் அந்த ஆண் பன்றி தன் மகள்களுக்கு எதிரே நிற்கிறது. வீட்டுக் குட்டியையே அடுத்த தாய்ப்பன்றியாக வைத்துக்கொள்கிற பண்ணையில் இதைத் தவிர்ப்பது ரொம்பக் கஷ்டம். அப்பா மகள் சேர்க்கையில் குட்டி எண்ணிக்கை குறையும், பிறப்பதும் நோஞ்சானாக இருக்கும், குடலிறக்கம் போன்ற பிறவிக் குறைகள் தலைகாட்டும். இதைத் தவிர்க்க ஆண் பன்றியை அடிக்கடி மாற்ற வேண்டும், மாற்றும்போதெல்லாம் புது விலங்கு, புது நோய்ப் பயம். ஊசியில் வேறு ஆண் பன்றியின் புட்டியைக் கேட்டு வாங்கினால் போதும்.

எடையும் ஒரு விஷயம். 250 கிலோ ஆண் பன்றி 110 கிலோ இளம் பன்றி மேல் ஏறினால் இடுப்போ காலோ போய்விடும். அதற்கும் ஊசிதான் நல்லது.

இதுவரை படித்தவர் ஊசிதான் என்று முடிவு கட்டியிருப்பார். கொஞ்சம் பொறுங்கள்.

பெட்டிக்குள்ளே 17 டிகிரி

மாட்டுக்குச் சினை ஊசி பார்த்துப் பழகியவர்கள் பன்றிக்கும் அதே என்று நினைப்பது பெரிய தவறு. மாட்டு விந்து கால் மில்லிக் குச்சியில் உறைந்து, திரவ நைட்ரஜனில் வருடக்கணக்கில் கிடக்கும். பன்றி விந்து உறைநிலையை அந்த அளவுக்குத் தாங்காது. பண்ணைக்கு வருவது பெரும்பாலும் உறையாத திரவ விந்துதான். ஒரு முறைக்கு 80 முதல் 100 மில்லி வேண்டும். அதை வைக்க வேண்டிய வெப்பம் 17 டிகிரியை ஒட்டி. 15க்குக் கீழே போனால் குளிரில் அணுக்கள் சாகும், மேலே போனால் சீக்கிரம் களைத்துப் போகும். சாதாரணக் கரைசலில் மூன்று நாள்வரை தாங்கும்.

இப்போது சித்திரை மாதச் சென்னையை நினைத்துப் பாருங்கள். பைக் பெட்டியில் 40 டிகிரிக்கு மேல். பயந்து ஐஸ் கட்டியோடு சேர்த்து வைத்தால் அதுவே கொல்லும். வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்தாலும் அப்படித்தான், அதன் உள்ளே நான்கைந்து டிகிரி. நான் தெர்மாகோல் பெட்டிக்குள் குளிர்ந்த ஜெல் பையைத் துண்டில் சுற்றி ஓரமாக வைத்து, புட்டிகளைச் செய்தித்தாளில் சுற்றி நடுவில் வைக்கிறேன். மீன்தொட்டிக்கு விற்கிற சின்ன வெப்பமானி ஒன்றும் உள்ளே கிடக்கும். அதன் எண்ணைப் பார்க்காமல் ஒரு புட்டியையும் வாங்குவதில்லை. காலையும் மாலையும் புட்டியை மெதுவாகத் திருப்பி வைக்க வேண்டும், அணுக்கள் அடியில் படியும்.

வெயில் இரண்டு வழியையும் விடவில்லை. ஆண் பன்றியில் கெட்டது ஒன்றரை மாதம் ஒளிந்திருக்கும், பெட்டியில் கெடுவதை ஒரு வெப்பமானி காட்டிக்கொடுக்கும். எனக்குப் பெரிய வித்தியாசம் அதுதான்.

ஆண் பன்றி மட்டுமே செய்கிற வேலை

பருவம் கண்டுபிடிப்பதில் ஊசி தோற்றுப்போகிறது. நான் அதிகம் அடிபட்டதும் இங்கேதான்.

பன்றி 21 நாளுக்கு ஒரு முறை, இரண்டு மூன்று நாள் பருவத்தில் இருக்கும். கருமுட்டை வெளிவருவது அந்தக் காலத்தின் மூன்றில் இரண்டு பங்கு கழிந்த பிறகு. விந்தணு உள்ளே ஒரு நாள் அளவுக்குத்தான் தெம்போடு இருக்கும், முட்டைக்கு ஆயுள் சில மணி நேரம். அதனால்தான் நின்று கொடுக்க ஆரம்பித்த 12 மணி நேரம் கழித்து ஒன்று, அதிலிருந்து 12 மணி நேரத்தில் இன்னொன்று என்று இரண்டு முறை. முதல் முறை சேரும் இளம் பன்றிக்குப் பருவம் சுருக்கம், இன்னும் சீக்கிரம் போட வேண்டும்.

பிறப்புறுப்பு சிவந்து வீங்குவதை யாரும் பார்த்துவிடலாம். ஆனால் கணக்கு தொடங்குவது அதிலிருந்து இல்லை, முதுகை அழுத்தும்போது காதை நிமிர்த்திச் சிலையாக நிற்கிற அந்த நேரத்திலிருந்து. ஆண் பன்றி கண்ணில் படாமல், அதன் வாய் நுரையின் வாடை மூக்கில் ஏறாமல், பல பன்றிகள் மனிதன் கைக்கு நிற்காது. எதிரே ஆண் பன்றியை நிறுத்திவிட்டு அழுத்துங்கள், அதே பன்றி அசையாது. வயதுக்கு வரும் இளம் பன்றிகள் தினமும் ஆண் பன்றியைப் பார்த்தால் சீக்கிரம் பருவத்துக்கு வருவதும் உண்டு.

சொந்த ஆண் பன்றி வைத்திருப்பவருக்கு இந்தத் தலைவலி பாதிதான், நேரத்தை அதுவே மோப்பம் பிடித்துவிடும். ஊசி மட்டும் நம்பினால் காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் கொட்டகையில் ஆள் நிற்க வேண்டும். சென்னையில் வேறு வேலை பார்த்துக்கொண்டு, பண்ணையை ஆளிடம் விட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருகிறவர்களுக்கு நான் ஊசியைச் சொல்லமாட்டேன். ஒரு பருவம் தவறினால் 21 நாள் சும்மா தீனி, ஒரு பன்றிக்கு 1,500 ரூபாய்க்கு மேல். வருடத்தில் இரண்டு ஈற்று என்ற கணக்கும் அங்கேயே உடைகிறது.

ஊசி போடும் கையும் பழக வேண்டும். ஆண் பன்றியின் உறுப்பு திருகாணி மாதிரி. அதே வடிவில் நுனி உள்ள குழாயை இடப்பக்கமாகத் திருகிக்கொண்டே செலுத்தினால் கருப்பை வாயில் பூட்டிக்கொள்ளும். அப்புறம் புட்டியைப் பிழியக் கூடாது. கருப்பையே உறிஞ்ச ஐந்து பத்து நிமிடம் ஆகும். விலாவைத் தடவிக்கொண்டு, முதுகில் கொஞ்சம் பாரம் கொடுத்து நிற்க வேண்டும். அவசரப்பட்டு அமுக்கினால் பாதி தரையில் வழியும். இதை வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்ளாதீர்கள். பயிற்சிக்கும், நல்ல இனக் குட்டிக்கும், விந்து எங்கே கிடைக்கும் என்ற விவரத்துக்கும் நான் முதலில் விசாரிக்கச் சொல்வது காட்டுப்பாக்கத்தில் உள்ள கால்நடை அறிவியல் முதுகலை ஆராய்ச்சி நிலையத்தில். கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது, தாம்பரம் தாண்டிக் கொஞ்ச தூரம்தான்.

நான் எடுத்த முடிவு

எங்கள் ஆண் பன்றியை விற்கவில்லை. கிழக்கு மூலைக்கு மாற்றி, கூரை மேல் தென்னங்கீற்று போட்டு, மதியம் தண்ணீர் தெளிக்கிறேன். அவன் வேலை இப்போது காலையும் மாலையும் தாய்ப்பன்றிகளின் கொட்டடி முன்னால் நடந்து போவது, ஊசி போடும்போது எதிரே மூக்கோடு மூக்கு நிற்பது. குட்டிகளின் தகப்பன் பெட்டியில் வருகிறான். புட்டி வராத நாளில் மட்டும் அவனிடமே சேர்க்கிறேன், மகள்களைத் தவிர்த்து. ஐந்து பன்றிக்குக் குறைவாக வைத்திருப்பவர்களுக்கு இதுகூடக் கட்டுப்படியாகாது. அவர்கள் ஊசியோடு நின்று, பருவம் பார்ப்பதில் இரண்டு மடங்கு அக்கறை காட்ட வேண்டும். பத்துக்கு மேல் போனால் என் வழி தைரியமாகச் செய்யலாம்.

இன்னொரு சின்ன மாற்றம்தான் இதையெல்லாம் ஓடவைக்கிறது. முன்பு குட்டிகளை ஒவ்வொன்றாக, தோன்றிய நாளில் பால் மறக்கடிப்பேன். இப்போது நான்கு தாய்களை ஒரு கூட்டாக வைத்து, வியாழக்கிழமை ஒரே நேரத்தில் பிரிக்கிறேன். பிரித்த நான்கு முதல் ஏழு நாளுக்குள் பருவம் வரும் என்பதால் பெரும்பாலும் திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளுக்குள் நான்கும் நின்றுவிடுகின்றன. ஞாயிற்றுக்கிழமை ஒரு போன், திங்கள் காலை ஒரே பெட்டியில் எட்டுப் புட்டி. வியாழக்கிழமை காலையோடு பெட்டி காலியாகிவிடும்.