பருவகால வேலையின்மையும் மறைமுக வேலையின்மையும்

காவிரி டெல்டாவில் இரண்டையும் ஒரே தெருவில் பார்க்கலாம். தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்ததும் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற பெண்களுக்கு வேலை நின்றுவிடும். வழக்கப்படி ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறந்து, தண்ணீர் கடைமடை வரை வந்தால்தான் மறுபடி கூலி. இது பருவகால வேலையின்மை. 2005-ல் வந்த நூறு நாள் வேலைச் சட்டம் இந்த இடைவெளியை ஓரளவு அடைத்தது.

மறைமுக வேலையின்மை அப்படியில்லை. இரண்டு ஏக்கரில் அப்பா, அண்ணன், தம்பி மூவரும் மண்வெட்டியோடு இறங்குகிறார்கள். தம்பி திருப்பூருக்குக் கிளம்பிப் போனாலும் ஒரு மூட்டை நெல்கூடக் குறையாது. ஆனால் கணக்கெடுப்பில் மூவருமே வேலையில் இருப்பவர்கள்தான். எனக்கு இதுதான் பெரிய கவலை. வெறும் கையோடு இருப்பவர் வேலை கேட்கலாம். இந்தத் தம்பி என்னவென்று கேட்பான்? அவனுக்கு வயலுக்கு வெளியே, பக்கத்திலேயே ஒரு தொழில் வேண்டும்.