மனித டி.என்.எஃப் ஆல்ஃபா வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

சென்னையில் மாதவரம், ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் லேபில் வேலை செய்கிறவர்கள் தயவுசெய்து முழுக்கப் படியுங்கள். மண்ணடிப் பக்கத்து டீலர் ஒருவரிடம் எங்கள் லேப் வாங்கிய மனித டி.என்.எஃப் ஆல்ஃபா (உடலில் அழற்சியைத் தூண்டும் புரதம், ஆராய்ச்சிக்கு வாங்குவது), பில்லில் எழுதிய சரக்கே இல்லை.

நாங்கள் கேட்டது ஈ.கோலை பாக்டீரியாவில் தயாரித்த, வேறு புரதம் எதுவும் கலக்காத 50 மைக்ரோகிராம் வயல் (சின்னக் குப்பி). இத்தனை சிறிய அளவு குழாய்ச் சுவரில் ஒட்டி வீணாகாமல் இருக்க மாட்டு ரத்தப் புரதமான ஆல்புமின் கலந்து விற்பது வழக்கம்தான். செல்லில் போட்டுப் பார்க்க அது போதும். ஆனால் எங்களுக்கு இந்தப் புரதத்தின் மேல் ஒளிரும் சாயம் ஏற்ற வேண்டும். ஆல்புமின் கலந்திருந்தால் சாயம் பெரும்பாலும் அதன் மேல்தான் போய் ஒட்டும்.

பிரித்ததுமே சந்தேகம் வந்தது. 50 மைக்ரோகிராம் பொடி பல நேரம் கண்ணுக்கே தெரியாது. இதிலோ வெள்ளைக் கட்டியாகத் திரண்டு கிடந்தது. சர்க்கரை வகை ஏதாவது சேர்த்திருந்தாலும் அப்படி இருக்கும் என்பதால், கரைத்துக் கொஞ்சம் ஜெல்லில் ஓட்டினேன்; அதில் புரதங்கள் எடை வாரியாகப் பிரிந்து தனித்தனிப் பட்டைகளாகத் தெரியும். 17 கிலோடால்டனில் (புரத எடையின் அலகு) வர வேண்டிய டி.என்.எஃப் பட்டை மங்கலாகத் தெரிந்தது. 66-இல், ஆல்புமின் நிற்கும் இடத்தில், தடித்த பட்டை. அப்புறம் எல்929 என்ற எலிச் செல்களில், டி.என்.எஃபுக்கு அவை எளிதில் சாக உதவும் ஆக்டினோமைசின் மருந்தோடு போட்டோம். நல்ல சரக்கென்றால் மில்லிலிட்டருக்கு 1 நானோகிராமிலேயே மறுநாள் செல்கள் செத்து உருண்டு மிதக்கும். இங்கே பெரும்பாலானவை தட்டில் ஒட்டியபடியே இருந்தன.

டீலரின் ஆளைப் போனில் பிடித்தால், "மேடம், வயலை ஸ்பின் பண்ணாம திறந்திருப்பீங்க, கரைச்சதும் சரியா இருக்காது" என்கிறார். பொடி அடியில் சேர, மெஷினில் சுழற்றி ஸ்பின் பண்ணித்தான் திறந்தோம். அதே தட்டில் பக்கத்துக் குழிகளில் போட்ட எங்கள் பழைய டி.என்.எஃப், செல்களை ஒழுங்காகக் கொன்றிருந்தது. அந்தப் படத்தை அனுப்பியதிலிருந்து போனையே எடுப்பதில்லை.

ஃப்ரீசரிலிருந்து எடுத்து வைத்த வயலில் ஈரம் கோத்து ஸ்டிக்கர் ஓரம் தூக்கியது. மெல்ல உரித்தேன். அடியில் இன்னொரு ஸ்டிக்கர்! வேறு லாட் எண் (தயாரிப்புத் தொகுதியின் எண்), காலாவதித் தேதியும் முடிந்துபோனது. இரண்டு எண்களையும் தயாரிப்பு நிறுவனத்துக்கே மெயிலில் அனுப்பிக் கேட்டோம். அடியில் இருந்தது ஆல்புமின் கலந்த லாட். மேலே ஒட்டியிருந்த எண்ணில் அவர்கள் எதையும் தயாரித்ததே இல்லையாம். கூடவே வந்த பகுப்பாய்வுச் சான்றிதழும் வேறு ஏதோ லாட்டினுடையது, எண்ணை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.

இது என் ஜூனியர் பெண்ணின் ஆராய்ச்சிச் செலவுக்கு வந்த பணம். பணம் போனதைவிட எனக்கு வயிற்றெரிச்சல் இதுதான்: ஜெல் ஓட்டாமல் விட்டிருந்தால், ஆல்புமினை அளந்துவிட்டு டி.என்.எஃப் என்று தீசிஸில் எழுதியிருப்பாள்.

பணம் கட்டும் முன்பே லாட் எண்ணை வாங்கி, நிறுவனத்திடம் நேராகக் கேளுங்கள். தர மறுக்கும் டீலரிடம் வாங்காதீர்கள். எங்கள் வயலை மைனஸ் 20-இல் பத்திரமாக வைத்திருக்கிறோம். உங்கள் வயலிலும் இரட்டை ஸ்டிக்கர் தெரிந்தால் சொல்லுங்கள், எங்கள் லேபிலேயே ஜெல் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சேர்ந்தே புகார் கொடுக்கலாம்.