கிரேட் டேன் நாய்க்குட்டி வாங்க நிற்கும் மட்டக்களப்பு, அம்பாறை ஆக்களுக்கு: காசு போட முதல் இதை வாசியுங்கள்

165,000 ரூபா. சுத்தமான கிரேட் டேன், வயது 8 கிழமை, ஊசி போட்டது என்று சொல்லி எங்கட குடும்பத்திடம் வாங்கிய காசு. குட்டி செத்துப்போயிற்று. விற்றவன் போன் எடுக்கிறான் இல்லை. அதே படம், அதே தாய் நாய், வேறு இலக்கத்தோடு இன்றைக்கும் விளம்பரத்தில் கிடக்கிறது, விலையைக் கூட்டியும் போட்டிருக்கிறான். அதனால்தான் ஆத்திரம் அடங்க முதலே எழுதுகிறேன்.

குட்டியைக் கண்டது யாரும் இலவசமாக விளம்பரம் போடக்கூடிய ஒரு இணைய விற்பனைத் தளத்தில். விற்றவன் கொழும்புப் பக்கத்து ஆள். ஆரையம்பதியில் இருக்கிற மச்சான்தான் அழைத்துக் கதைத்தார். அவன் காசைப் பற்றி முதலில் வாயே திறக்கவில்லை. "வளவு எவ்வளவு பெரிசு அண்ணன்? மதில் எத்தனை அடி? பகல்ல வீட்டில ஆக்கள் இருப்பாங்களா?" என்று கேட்டிருக்கிறான். பிறகு சொன்னானாம்: "காசு பெரிசில்ல அண்ணன், பிள்ளை நல்ல வீட்டுக்குப் போகோணும்." நல்ல வளர்ப்பாளர் கேட்கிற கேள்விகளை அப்படியே மனப்பாடம் செய்து வைத்திருக்கிறான். அந்த ஒரு வார்த்தையில்தான் மச்சான் வீட்டார் முழுப்பேரும் விழுந்தார்கள். வீடியோவும் வந்தது: கறுப்பு முகம், மண்நிற உடம்பு, நல்ல உயரமான தாய், வயிற்றோடு ஒட்டிக்கிடக்கும் குட்டிகள். முற்பணம் 65,000, வேன் வெளிக்கிட முதல் பாக்கி 100,000. இனப் பதிவுச் சான்றிதழைக் கேட்டால், "பேப்பர் பின்னால வரும்."

விடியற்காலையில் கல்லடிப் பாலத்தடியில் வேன் வந்து, ஒரு பிஸ்கட் பெட்டியை இறக்கிவிட்டுப் போய்விட்டது. என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். பார்த்த உடனே நெஞ்சு பகீர் என்றது. 8 கிழமைக் கிரேட் டேன் குட்டி 6 கிலோவில் இருந்து 10 கிலோ வரை நிறுக்கும். இது தராசில் 3.4 கிலோ. வாயைத் திறந்து பார்த்தேன். 8 கிழமையில் பால்பற்கள் 28ம் வந்திருக்க வேண்டும். இதற்கு முன்பற்களும் வேட்டைப்பல் நுனியும்தான், கடைவாய்ப் பக்கம் வெறும் முரசு. 5 கிழமை தாண்டாத குட்டியைத் தாயிடமிருந்து பறித்து இரவு முழுக்க வேனில் அனுப்பியிருக்கிறான். வயிறு ஊதிக் கிடந்தது, பூச்சி மருந்தும் கொடுக்கவில்லை.

தடுப்பூசி அட்டையைப் பாருங்கள். உண்மையான அட்டையில் மருந்துக் குப்பியில் இருந்து உரித்து ஒட்டிய சிறு ஸ்டிக்கர் இருக்கும். அதில் மருந்தின் பெயர், தொகுதி இலக்கம், காலாவதித் திகதி இருக்கும். பக்கத்தில் மிருக வைத்தியரின் கையெழுத்தும் பதிவு இலக்கத்தோடு கூடிய முத்திரையும் இருக்கும். இந்த அட்டையில் இருந்தது பேனையால் "வக்சின் ஓகே" என்ற எழுத்தும் ஒரு கிறுக்கலும் மட்டும். அந்த ஊசி 6 கிழமைக்குப் பிறகுதான் தொடங்கும். 3, 4 கிழமைக்கு ஒரு தரம் என்று 16 கிழமை வரை போட வேண்டும். 5 கிழமைக் குட்டிக்கு எங்கே போட்டான்?

வந்த மறுநாள் நுரை வாந்தி. அடுத்து இரத்தக் கழிச்சல், ஒரு தரம் மணந்தால் மறக்காத அந்தப் புளிச்ச இரத்த நாற்றம். மலத்தை எடுத்துச் சோதனைக் கிட்டில் பார்த்த வைத்தியர் பார்வோ, குட்டிகளின் குடலைத் தாக்கும் வைரஸ் வருத்தம் என்று சொன்னார். சேலைன் ஏற்றினார், வாந்திக்கு ஊசி போட்டார். அவர் செய்யாதது ஒன்றும் இல்லை, 3.4 கிலோ உடம்பு தாங்கவில்லை. பார்வோ கிருமி உடம்புக்குள் போய்க் குணம் காட்டப் பொதுவாக 3 முதல் 7 நாள் எடுக்கும். மறுநாளே காட்டியதென்றால் கிருமி அவனுடைய கூட்டில் ஏறியதுதான். இதில் வாதமே இல்லை.

அவனிடம் சொன்னபோது முதலில் "பயணக் களைப்பு அண்ணன், சீனித் தண்ணி குடுங்க." பிறகு "நீங்க மீன் குடுத்திருப்பீங்க." பிறகு "ஊர் டொக்டர்மாருக்கு இந்தச் சாதி நாய் தெரியாது." வைத்தியர் தந்த துண்டைப் படமெடுத்து அனுப்பினோம். வாசித்ததற்கான இரண்டு நீலக் கோடும் விழுந்தது, பதில் இல்லை. பிறகு மனேஜராம் என்று வேறொருவன் குரல் பதிவு: இன்னொரு குட்டி தருகிறானாம், 80,000 மட்டும் போடட்டாம். 165,000 எடுத்தது போதாதென்று செத்த குட்டியைக் காட்டி இன்னும் 80,000! மறுத்தவுடன் இலக்கத்தைத் தடுத்துவிட்டான். விளம்பரத் தளத்துக்கு எழுதினால் வாங்குபவர் விற்பவர் பிரச்சினைக்குத் தாங்கள் பொறுப்பில்லை என்று ஒரு வரி. வங்கியில் நீங்களே விரும்பி அனுப்பிய காசு, திருப்ப ஏலாது என்றார்கள். பொலிசில் முறைப்பாடு எழுதியாயிற்று.

இன்னொரு அநியாயம் சொல்ல வேண்டும். பெட்டியோடு "இலவசமாக" ஒரு கல்சியம் மா டின்னும் வந்தது. சாப்பாட்டுக்கு இரண்டு கரண்டி போடட்டாம், எலும்பு பெருக்குமாம். பெரிய சாதிக் குட்டிக்கு இதைவிடக் கேடு கிடையாது. 6 மாதத்துக்குள் குட்டியின் குடலுக்குக் கூடுதல் கல்சியத்தை மறுக்கத் தெரியாது, கூடப் போட்டால் கூட உறிஞ்சும். அதனால் எலும்பும் குருத்தெலும்பும் பிழையாக வளரும். முன்னங்கால் வளையும், மூட்டு வீங்கும், நாய் நொண்டும். பெரிய இனக் குட்டிகளுக்கென்று விற்கும் உணவைக் கொடுங்கள், அதில் ஈரத்தைக் கழித்த உலர் அளவில் கல்சியம் 0.8 முதல் 1.5 வீதம் இருந்தால் போதும். மேலே ஒன்றும் போடாதீர்கள். கொழுக்கவும் விடாதீர்கள், விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். கிரேட் டேன் 18 மாதம் தாண்டியும் வளரும். அவசரப்படுத்த ஒன்றுமில்லை.

விரிவாக எழுத நினைத்ததை எழுத இப்போது மனம் இல்லை. அவசரமானதை மட்டும் சொல்கிறேன்.

வளர்ந்த ஆண் நாய் 60, 70 கிலோ வரும். உலர் உணவு மட்டும் மாதம் 25 கிலோவுக்கு மேல் போகும். பூச்சி மருந்து, உண்ணி மருந்து எல்லாம் நிறைக்குத்தான் கணக்கு, சாதாரண நாயின் செலவைப் போல பல மடங்கு. ஆயுளோ 7 முதல் 10 வருடம்தான்.

வயிறு முறுகும் வருத்தம் இந்த இனத்துக்குத்தான் ஆகக் கூட. வாந்தி எடுக்க உந்தும், எச்சில் மட்டும் வரும், நிலைகொள்ளாமல் நடக்கும், வயிறு மத்தளம் போல இறுகும். சில மணித்தியாலத்துக்குள் அறுவை செய்யாவிட்டால் நாய் இல்லை. பேராதனை மிருக வைத்தியசாலைக்கு மகாஓயா, மகியங்கனை, 18 வளைவு என்று ஏறிப் போவதற்குள் காரியம் முடிந்துவிடும். ஆகவே இரவில் அறுவை செய்யக்கூடியவர் பக்கத்தில் யார் என்று குட்டி வாங்க முதல் விசாரியுங்கள். அப்படி ஒருவர் இல்லையென்றால் இந்த இனத்தை யோசிக்கவே வேண்டாம் என்பது என் முடிவு. சாப்பாட்டை ஒரே நேரத்தில் கொட்டாமல் இரண்டு மூன்று தரமாகப் பிரியுங்கள். தின்றதும் ஒரு மணித்தியாலம் ஓட விடாதீர்கள். கருத்தடை செய்யும்போதே இரைப்பை முறுகாமல் அதை வயிற்றுச் சுவரோடு தைத்துவிடும் சத்திரசிகிச்சை பற்றிக் கேளுங்கள்.

கச்சான் காற்று அடிக்கும் வெக்கை மாதங்களில் பகலில் நடத்தவே கூடாது, தகரக் கூடும் கூடாது. வழுக்கும் மாபிள் தரையில் குட்டியை வளர்க்காதீர்கள், இடுப்பு போகும். வெறும் சீமெந்திலும் படுக்க விடாதீர்கள், முழங்கை வீங்கும், தடித்த மெத்தை போடுங்கள்.

வாங்குவதென்றால் நேரில் போங்கள். தாயைக் கண்ணால் பாருங்கள். குட்டியைத் தராசில் வைத்து, வாயைத் திறந்து பாருங்கள். தாய் தகப்பனின் பதிவு இலக்கத்தைக் கேட்டு சாதி நாய்களைப் பதியும் இலங்கை கெனல் அசோசியேஷனில் விசாரியுங்கள். உங்கள் மிருக வைத்தியர் பார்த்த பிறகுதான் பாக்கிக் காசு. ஏமாந்திருந்தால் நுகர்வோர் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அழையுங்கள், பொலிசிலும் முறையிடுங்கள், வங்கிச் சிட்டையையும் செய்திகளையும் அழிக்காதீர்கள்.

பார்வோ வந்த வளவில் கிருமி ஒரு வருடம் வரையும் கிடக்கும். தரையைக் கழுவி, 1 பங்கு பிளீச்சுக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி 10 நிமிடம் விடுங்கள். மண்ணுக்கு அது வேலை செய்யாது, ஊசி முடியாத குட்டியை அங்கே இறக்க வேண்டாம்.

கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கமும் அதே வேனில் குட்டி அனுப்புவதாக இப்போது விளம்பரம் போட்டிருக்கிறான். முற்பணம் கட்டியவர்கள் யாரும் இருந்தால், பாக்கியை இன்றைக்கே நிறுத்துங்கள்.