‘அப்டேட் மட்டும் போடாதே’ என்று கடைக்காரர் சொன்னால், பணத்தைக் கொடுக்காமல் வந்துவிடுங்கள்

கம்ப்யூட்டரைக் கட்டிக் கையில் கொடுத்தபோது அந்தக் கடைக்காரர் என் அக்கா மகனிடம் சொன்னது இதுதான்: “ஒரு அப்டேட்டும் வேண்டா மோனே. அது கேட்கும், நீ கொடுக்கண்டா.” நெட்டு தீர்ந்துபோகும் என்கிற அக்கறையில் சொல்கிறார் என்று நினைத்தேன். நல்ல மனுஷன் என்று வழியெல்லாம் பேசிக்கொண்டு வேறு வந்தோம்.

நான் செங்கோட்டையில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் கணக்கு எழுதுகிறவன். புளியரை செக்போஸ்ட் தாண்டிப் போகிற சரக்குக்கு இ-வே பில் என்கிற ஆன்லைன் சரக்குச் சீட்டு போடுவதுதான் என் பிழைப்பு. ஒரு நாளைக்கு நாற்பது முறையாவது 33 என்றும் 32 என்றும் டைப் அடிப்பேன். ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைக் காட்டும். 33 நாம், 32 கேரளா. அப்படிப்பட்ட நான் 42,500 ரூபாய்க்குப் பில் இல்லாமல் பொருள் வாங்கினேன் என்றால் ஆபீசில் எப்படிச் சிரித்திருப்பார்கள் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

மருமகன் பிளஸ் டூ முடித்திருந்தான். கேமிங் பி.சி. வேண்டும் என்றான். அவனே ஒரு பட்டியல் தயார் செய்திருந்தான்: ரைசன் 5 5600 புராசஸர், எட்டு எட்டாக 16 ஜிபி ராம், 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, ஆர்எக்ஸ் 6600 கிராபிக்ஸ் கார்டு, எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ் நல்ல கம்பெனியில். திருநெல்வேலியில் விசாரித்தால் 56,000 சொன்னார்கள். என்னால் முடிந்தது 45,000. அப்போதுதான் எங்கள் டிரைவர் ஒருவர், புனலூரைத் தாண்டி ஒரு கடை இருக்கிறது, ஓணம் ஆஃபர் போட்டிருக்கிறான், நம்ம ஊர்ப் பையன்கள் நிறைய பேர் அங்கேதான் எடுக்கிறார்கள் என்றார்.

கடை பளபளவென்று இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் கலர் கலராக விளக்கு எரிகிற ஃபேன்கள். மருமகன் அதிலேயே கவிழ்ந்துவிட்டான். கடைக்காரர் மலையாளம் கலந்த நம் தமிழில் பேசினார். பட்டியலைப் பார்த்தார். “6600 எதுக்கு அண்ணா? 8 ஜிபி கார்டு ஒண்ணு தரேன், 580, எல்லா கேமும் ஓடும்.” எட்டும் எட்டும் ஒன்றுதானே என்று எனக்குப் பட்டது. பில்லோடு 50,150, பில் இல்லாமல் 42,500 என்றார். வித்தியாசம் 7,650, சரியாக 18 சதவீதம். கணக்கு எழுதுகிறவன் என்பதால் அந்தப் பெருக்கல் சரியாக இருந்ததே எனக்குத் திருப்தியாகிவிட்டது! 20,000 போனில் அனுப்பினேன், மீதி ரொக்கம்.

அவர் கொடுத்த தாளை இன்னும் பர்ஸில் வைத்திருக்கிறேன். மேலே ‘எஸ்டிமேட்’ என்று அச்சடித்திருக்கிறது. கடைப் பெயர் கிடையாது. கீழே நீலப் பேனாவில் ஆறு வரி. ரைசன் 5. போர்டு. 16 ஜிபி. 500 எஸ்எஸ்டி. 580 – 8 ஜிபி. கேபினட் வித் சப்ளை. அப்புறம் மொத்தம், தேதி, ஒரு சுழித்த கையெழுத்து. இந்தத் தாளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு எத்தனை முறை படித்துப் பார்த்தும் இதில் ஒரு பொய்யைக்கூட என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

திரும்பி வருகிற லாரி ஒன்றில் ஏறிக்கொண்டோம். கேபினட்டைப் பெட்ஷீட்டில் சுற்றி மருமகன் மடியில் வைத்திருந்தான். தென்மலைக்கு முன்னும் பின்னும் வளைவுக்கு வளைவு அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். பதின்மூன்று கண் பாலம் வந்தபோது பார் என்றேன், தலையைத் தூக்கவில்லை.

மூன்று வாரம் அருமையாக ஓடியது. பிறகு ஒரு கேம், கிராபிக்ஸ் கார்டை இயக்குகிற ‘டிரைவர்’ சாப்ட்வேர் பழசு, புதுசு போடு என்று கேட்டிருக்கிறது. போட்டான். திரை ஒரு முறை கறுத்து, வந்தபோது எழுத்தெல்லாம் பானை மாதிரி பெரிதாக இருந்தது. டிவைஸ் மேனேஜரில் கிராபிக்ஸ் கார்டின் மேல் மஞ்சள் முக்கோணம், உள்ளே கோட் 43 என்ற பிழை எண். கடைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். “நான் சொன்னேன் இல்லே? இது சாப்ட்வேர் கேடு, வாரண்டியில் வராது.” 500 ரூபாய் வாங்கிக்கொண்டு விண்டோஸை மறுபடி ஏற்றிக் கொடுத்தார். நன்றாக ஓடியது. பதினைந்தாம் நாள், யாரும் எதையும் தொடாமலேயே, விண்டோஸ் தானாக ராத்திரியில் அப்டேட் ஆகி, காலையில் மறுபடி கோட் 43. அன்றைக்குத்தான் எனக்குச் சந்தேகம் தட்டியது. அப்டேட் போட்டால் செத்துப்போகிற கார்டு எங்கேயாவது உண்டா?

உண்டு. தென்காசியில் சர்வீஸ் செய்கிற நண்பர் ஒருவரிடம் கொண்டுபோனேன். கோட் 43 என்ற உடனேயே அவர் “மைனிங் கார்டு” என்றார், கேபினட்டைத் திறக்காமலே.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். ஈத்தரியம் என்ற டிஜிட்டல் காசை முன்பு கிராபிக்ஸ் கார்டுகளை ராப்பகலாக ஓட்டித்தான் எடுத்துக்கொண்டிருந்தார்கள். 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி அந்த முறையையே மாற்றிவிட்டார்கள். கார்டுக்கு வேலை இல்லாமல் போயிற்று. மூட்டை மூட்டையாகப் பழைய கார்டுகள் சந்தைக்கு வந்தன. மைனிங் ஓட்டியவர்கள் கார்டுக்குள் இருக்கும் பயாஸை, அதாவது கார்டை இயக்குகிற அடிப்படைப் புரோகிராமை, மாற்றி எழுதியிருப்பார்கள். மெமரி வேகமாக ஓட வேண்டும், கரண்ட் குறைவாக இழுக்க வேண்டும் என்பதற்காக. இந்தக் கார்டுகளின் சிப்பைச் செய்கிற ஏஎம்டி கம்பெனியின் டிரைவர், கார்டின் பயாஸில் கம்பெனியின் கையொப்பம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும். மாற்றிய பயாஸ் என்றால் வேலை செய்ய மறுத்துவிடும். அந்தச் சோதனையை ஏமாற்ற ஒரு சின்ன புரோகிராம் இருக்கிறது; அதை ஓட்டி டிரைவரை ஒட்டுப் போட்டால் கார்டு ஓடும். புது டிரைவர் வந்தால் ஒட்டு போய்விடும். 500 ரூபாய் வாங்கிக்கொண்டு கடைக்காரர் செய்தது அந்த ஒட்டைத் திரும்பப் போட்டதுதான்.

நண்பர் கார்டைக் கழற்றி மேஜையில் வைத்தார். அதைக் கிட்டே வைத்துப் பார்த்தது எனக்கு அதுவே முதல் முறை. ஃபேன் பளிச்சென்று துடைத்திருந்தது. ஆனால் நான்கு ஸ்க்ரூவில் மூன்றின் தலை தேய்ந்து வெள்ளி தெரிந்தது, நான்காவதன் மேல் இருக்க வேண்டிய ஸ்டிக்கர் இல்லை. திருப்பிப் பிடித்தால் பலகையின் ஓரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு. மெமரி சில்லுகளின் மேல் ஒட்டுகிற வெப்பப் பட்டையில் இருந்து சூட்டில் கசிந்தது என்றார். விரலால் ஃபேனைச் சுழற்றினார். ஒன்று நின்று நிதானமாகச் சுற்றியது, இன்னொன்று தள்ளாடி டக்கென்று நின்றது. கார்டின் விளிம்பில் ஒரு சின்ன சுவிட்ச் இருந்தது. சில கார்டுகளில் இரண்டு பயாஸ் இருக்குமாம், இரண்டையுமே மாற்றியிருந்தார்கள். ஒரிஜினல் பயாஸை அவர் தேடி ஏற்றினார். கோட் 43 போய்விட்டது. கார்டின் விவரம் காட்டுகிற ஜிபியு-இசட் புரோகிராமைத் திறந்தால் ஷேடர், அதாவது கார்டுக்குள் கணக்குப் போடுகிற சிறு அலகுகள், 2048 என்று வந்தது. உண்மையான ஆர்எக்ஸ் 580-க்கு 2304. 2048 உள்ளது, 2018-இல் சீனச் சந்தைக்கென்று வந்த இன்னொரு ரகம். பெயர் மட்டும் ஏறக்குறைய அதே, உள்ளே அதைவிடச் சின்ன கார்டான 570. கார்டைச் செய்தவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை, அவர்கள் 2048 என்று பெயரிலேயே போட்டுத்தான் விற்றார்கள். கடைக்காரர்தான் அதை விட்டுவிட்டு 580 என்று எழுதினார். தாளைப் பாருங்கள்: ‘580 – 8 ஜிபி’. பொய்யா? இல்லை.

மீதியையும் பார்த்துவிடலாம் என்றார் நண்பர். எனக்குப் பார்க்கவே பிடிக்கவில்லை. புராசஸர் ரைசன் 5 தான், ஆனால் 5500. 5600-இல் 32 எம்பி இருக்கிற கேஷ், அதாவது புராசஸர் தனக்குள்ளேயே வைத்திருக்கிற வேகமான மெமரி, இதில் பாதி. ராம் 16 ஜிபி தான், ஆனால் எட்டு இரண்டு அல்ல, ஒற்றைக் குச்சி. இரண்டாகப் போட்டால் கேமில் கிடைக்கிற வேகம் இதில் கிடைக்காது. எஸ்எஸ்டியை, ஓடிய நேரத்தைக் காட்டுகிற கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ புரோகிராமில் பார்த்தால் 9,400 மணி நேரம் ஓடியிருக்கிறது. எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ராப்பகலாக ஓடினாலும் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும்.

எல்லாவற்றையும்விட வயிற்றைக் கலக்கியது எஸ்எம்பிஎஸ். கேபினட்டோடு சும்மா வருவது, மேலே 450 வாட்ஸ் என்று பெரிதாக எழுதி. நண்பர் அதைக் கையில் கொடுத்தார். காலி டிபன் பாக்ஸ் மாதிரி கனமே இல்லை. 580 கார்டு 185 வாட்ஸ் இழுக்கும், அதற்கு எட்டு பின் கேபிள் தனியாக வேண்டும். இதில் அந்தக் கேபிளே கிடையாது. டிவிடி டிரைவுக்குப் போகிற பழைய நாலு பின் வயர் இரண்டை ஒரு கன்வெர்ட்டரில் சேர்த்துச் செருகியிருந்தார்கள். வெள்ளைச் சொருகியில் ஒரு துளை மட்டும் டீக்கறை மாதிரி பழுத்திருந்தது. அந்தக் கம்ப்யூட்டர் வீட்டில் கட்டிலுக்குப் பக்கத்தில், திரைச்சீலையை ஒட்டி இருந்தது. அக்காவிடம் இதை நான் இன்னும் சொல்லவில்லை.

சரி, நியாயம் கேட்கலாம் என்றால் கையில் இருப்பது அந்தத் தாள். தாளில் இருந்த எல்லாமே பெட்டியில் இருந்தன. ரைசன் 5 எழுதினார், கொடுத்தார். 16 எழுதினார், கொடுத்தார். புதுசு என்று எங்கே எழுதியிருக்கிறது? மாடல் எண் எங்கே? நான்தானே கேட்டு எழுதி வாங்கியிருக்க வேண்டும். மருமகனின் பட்டியலில் மாடல் எண் எல்லாம் இருந்தது. அதை கடையில் விட்டுவிட்டு இந்தத் தாளை வாங்கிக்கொண்டு வந்தோம்.

1915-க்கு அழைத்தேன், தேசிய நுகர்வோர் உதவி எண். முதல் கேள்வியே பில் இருக்கிறதா என்பதுதான். இருந்தாலும் பொறுமையாகக் கேட்டார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி கடை கேரளாவில் இருந்தாலும் நாம் குடியிருக்கிற மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. எல்லை தாண்டி வாங்குகிற நம்மைப் போன்றவர்களுக்கு இது பெரிய விஷயம், நிறைய பேருக்குத் தெரியாது.

அப்புறம்தான் என் தொழில் புத்தி வேலை செய்தது. கடை வாசல் பலகையில் ஜிஎஸ்டி எண் இருக்க வேண்டும் என்பது விதி. இரண்டாம் முறை போனபோது மருமகன் வாசலில் நின்று எடுத்த செல்ஃபியில் அது பின்னால் விழுந்திருந்தது, 32-இல் தொடங்கி. ஜிஎஸ்டி தளத்தில் போட்டுப் பார்த்தேன். ‘காம்போசிஷன்’ என்று வந்தது. விஷயம் தெரியாதவர்களுக்கு: காம்போசிஷன் திட்டத்தில் இருக்கிற வியாபாரி, வாங்குகிறவரிடம் ஜிஎஸ்டி என்று தனியாக ஒரு ரூபாய்கூட வசூலிக்கக் கூடாது. அதாவது, பில்லோடு 50,150 என்று அவர் சொன்ன கணக்கே கிடையாது. அவர் போட முடியாத வரியைக் காட்டி, நான் மிச்சம் பிடித்ததாக என்னை நம்ப வைத்து, பில்லை என் வாயாலேயே வேண்டாம் என்று சொல்ல வைத்துவிட்டார். அந்தத் திறமைக்கு மட்டும் தனியாகச் சம்பளம் கொடுக்கலாம்.

இதையெல்லாம் ஒரு பக்கத்தில் எழுதி, போனில் பணம் அனுப்பிய படம், வாட்ஸாப்பில் அவர் ‘அப்டேட் வேண்டா’ என்று பேசிய குரல் பதிவு, ஜிபியு-இசட் படம் எல்லாம் வைத்துக் கடைக்காரருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஐந்தாம் நாள் போன் வந்தது. குரல் வேறு மாதிரி இருந்தது, அண்ணா போய் சார் வந்திருந்தது. 6,000 ரூபாய் திருப்பித் தந்தார். ஆணையம் வரை போயிருக்க வேண்டும் என்று நண்பர்கள் திட்டுகிறார்கள். மாடல் எண் இல்லாத தாளோடு போக எனக்குத் தைரியம் வரவில்லை, லீவும் இல்லை.

குறைந்த காசில் கட்டுகிறவர்களுக்கு, நான் பிறகு செய்ததைச் சொல்கிறேன். புராசஸர் 5500-ஐ அப்படியே வைத்துக்கொண்டோம். கேமுக்கு அது போதும். கேபினட், மானிட்டர் இதிலெல்லாம் பழசு வாங்கி மிச்சம் பிடிக்கலாம், தப்பே இல்லை. பழைய புராசஸரும் பெரும்பாலும் ஏமாற்றாது. எஸ்எம்பிஎஸ்ஸில் மட்டும் கை வைக்காதீர்கள்: 550 வாட்ஸ், 80 பிளஸ் வெண்கலத் தரச் சான்று உள்ளது, 3,900 ரூபாய், பில்லோடு திருநெல்வேலியில் வாங்கினேன். கூடவே ஒரு புது எஸ்எஸ்டியும். ஒற்றை ராமுக்குத் துணையாக இன்னொன்று அடுத்த மாதம். கிராபிக்ஸ் கார்டு பழசுதான், ஆர்எக்ஸ் 6600, பில்லும் மீதி வாரண்டியும் உள்ள ஒருவரிடம் 14,000-க்கு. இது 132 வாட்ஸ் தான் இழுக்கிறது. அவர் வீட்டிலேயே உட்கார்ந்து கார்டின் சீரியல் எண்ணைப் பில்லோடும் பெட்டியோடும் ஒத்துப் பார்த்தோம், ஜிபியு-இசட் பார்த்தோம், புது டிரைவரை அங்கேயே இறக்கி ஏற்றினோம், கார்டை முழு வேகத்தில் ஓட்டிச் சோதிக்கிற ஃபர்மார்க் புரோகிராமைக் கால் மணி நேரம் ஓட விட்டோம். அவர் காபி கொடுத்தார். கூட்டிப் பார்த்தால் எல்லாம் சேர்ந்து 56,000-ஐத் தாண்டிவிட்டது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பொருத்தியது மருமகன்தான், சர்வீஸ் நண்பர் பக்கத்தில் நின்றார்.

பழைய 580-ஐ விற்றுவிடலாம் என்று விளம்பரம் போட்டிருந்தேன். போன வாரம் கடையநல்லூரில் இருந்து ஒரு பையன் கூப்பிட்டான், 3,500 தருகிறேன், நாளைக்கே வருகிறேன் என்றான். மைனிங் கார்டு, 2048, ஒரு ஃபேன் தள்ளாடுகிறது என்று சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. “அண்ணே, இதையெல்லாம் ஏன்ணே சொல்றீங்க?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டான். கார்டு பீரோ மேல் இருக்கிறது.