குளியல் வெந்நீர்: உடனடி ஹீட்டரா, சேமிப்புத் தொட்டியா, கூரைமேல் சூரியத் தகடா?

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் வீட்டைச் சூடாக்கும் தேவை எவருக்கும் இல்லை. நாம் சூடேற்ற வேண்டியது குளிக்கும் தண்ணீரை மட்டும்தான். ஆனாலும் புது வீட்டுக்குக் குடிபோகும் குடும்பங்கள் இந்த ஒன்றுக்காகவே தேவைக்கு மேல் செலவிட்டுவிடுவதைப் பார்க்கிறேன். ஆகவே விலைப்பட்டியலைப் பார்ப்பதற்கு முன் ஒரு சிறு கணக்கைப் போட்டுக்கொள்வது நல்லது.

நம் குழாய்த் தண்ணீர் பொதுவாக 27 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கிறது, குளியலுக்கு 39 டிகிரி போதும் என்பதால், ஏற்ற வேண்டிய சூடு வெறும் 12 டிகிரி. ஐந்து பேர் ஆளுக்கு 40 லிட்டர் வீதம் தினமும் வெந்நீரில் குளித்தாலும் நாளொன்றுக்கு 2.8 யூனிட், மாதத்துக்கு 84 யூனிட் மின்சாரமே ஆகும். 2025 ஜூலையில் நடப்புக்கு வந்த கட்டண முறையில், மாதம் 1,500 யூனிட்டுக்கு உட்பட்ட வீடுகளுக்குத் தள்ளுபடிகளைச் சேர்க்காமல் யூனிட்டுக்கு ஏறத்தாழ 44 சென் என்று கொண்டால், இது 37 ரிங்கிட். எவ்வளவு விலை உயர்ந்த சாதனமானாலும் இந்த 37 ரிங்கிட்டுக்கு மேல் மாதாமாதம் மிச்சம் பிடித்துத் தர முடியாது.

தொட்டி இல்லாமல், ஓடும் தண்ணீரை அப்போதைக்கப்போதே சூடாக்குவது உடனடி ஹீட்டர். சில நூறு ரிங்கிட்டுக்குக் கிடைக்கும் 3.6 கிலோவாட் ஹீட்டர், அந்த 12 டிகிரியை நிமிடத்துக்கு 4.3 லிட்டர் தண்ணீருக்கு ஏற்றித் தரும். கைப்பிடி ஷவருக்கு இது தாராளம்; கூரையிலிருந்து மழைபோல் கொட்டும் அகலமான ஷவருக்கு இது போதவே போதாது. மாலை மழைக்குப் பிறகு தொட்டித் தண்ணீர் குளிர்ந்து 15 டிகிரி ஏற்ற வேண்டி வந்தால், அதே ஹீட்டர் 3.4 லிட்டர்தான் தரும். இதைவிடப் பெரிய சிக்கல் தண்ணீரின் அழுத்தம். ஒரு மாடி வீடுகளில் கூரைக்கடியில் உள்ள தொட்டிக்கும் ஷவருக்கும் இடையே இரண்டு மீட்டர் உயரம் இருந்தாலே அதிகம், அழுத்தம் 0.2 பார்கூட வராது, ஹீட்டருக்குள் இருக்கும் நீரோட்ட சுவிட்ச் விழித்துக்கொள்ளாது, குளிப்பவருக்குப் பச்சைத் தண்ணீர்தான் வரும். அத்தகைய வீட்டில் பம்ப் உள்ள மாடலையே வாங்க வேண்டும். அதிலும் நேர்மின்னோட்டத்தில் ஓடும் டிசி பம்ப் சத்தம் குறைந்தது என்பதால் கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு ஏற்றது.

சேமிப்புத் தொட்டி ஹீட்டரில் அகல ஷவருக்கும் தண்ணீர் போதும், ஆனால் 30 லிட்டர் தீர்ந்ததும் அடுத்தவர் காத்திருக்க வேண்டும். பயன்படுத்தாத நேரத்திலும் தொட்டி சூட்டை இழந்துகொண்டே இருக்கும். தனியாக இருக்கும் முதியவருக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன், ஏனெனில் 60 டிகிரி தண்ணீரைக் கலந்து பதப்படுத்தும் பொறுப்பு அவர் கையில் விழுகிறது.

சூரிய ஹீட்டரை நம்மவர் பலர் விரும்புவதில் நியாயம் உண்டு: வெயிலுக்குக் குறைவில்லாத ஊர், கட்டணமில்லாத சூடு. தரைவீட்டில் ஆறேழு பேர் காலையும் மாலையும் வெந்நீரில் குளிக்கும் கூட்டுக் குடும்பம் என்றால் நானும் அதையே சொல்வேன். மற்றவர்கள் மூன்று விஷயங்களை யோசிக்க வேண்டும். 300 லிட்டர் தொட்டியில் தண்ணீர் மட்டுமே 300 கிலோ. பழைய தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளின் மரச்சட்டம் அதைத் தாங்குமா என்று பார்க்காமல் ஏற்றக் கூடாது. கூரையிலிருந்து குளியலறை வரை 15 மீட்டர் குழாய் வந்தால், ஒவ்வொரு முறையும் இரண்டரை லிட்டர் குளிர்ந்த தண்ணீரை வீணாக விட்ட பிறகுதான் சூடு வரும். மூன்றாவது, தீபாவளி. மேற்குக் கரையில் அக்டோபரும் நவம்பரும் மழை மிகுந்த மாதங்கள். முதல்நாள் மதியம் முழுக்க மேகம் மூடியிருந்துவிட்டு, விடியுமுன் வீட்டார் அனைவரும் வரிசையாக எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது, தொட்டியைச் சூடாக்குவது சூரியன் அல்ல, உள்ளே இருக்கும் மின்சாரத் தண்டுதான். ஐயாயிரம் ரிங்கிட் போட்டு மாதம் 37 ரிங்கிட் மிச்சம் பிடித்தால் முதலை மீட்கப் பதினோரு ஆண்டுக்கு மேல் ஆகும். கூரையில் இடமும் கையில் பணமும் இருந்தால், வெயிலிலிருந்து மின்சாரம் எடுத்து வீடு முழுவதற்கும் உதவும் தகடுகளுக்கே அவற்றை ஒதுக்கலாம் என்பது என் கருத்து.

காற்றின் சூட்டை உறிஞ்சித் தண்ணீரைச் சூடாக்கும் ஹீட் பம்ப், நம் தட்பவெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கு மின்சாரத்தில் வேலையை முடித்துவிடும். ஆயினும் விலையும் இடத்தேவையும் தங்கும் விடுதிக்குப் பொருந்தும் அளவுக்குச் சாதாரணக் குடும்பத்துக்குப் பொருந்துவதில்லை.

ஆகவே கொண்டோ எனப்படும் அடுக்குமாடி வீட்டிலும் சிறு தரைவீட்டிலும் உடனடி ஹீட்டரே என் தேர்வு. ஆனால் அதில் மிச்சமாகும் பணத்தில் ஒரு பகுதியைக் கண்டிப்பாக வயரிங்குக்குச் செலவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. 3.6 கிலோவாட் ஹீட்டர் 15 ஆம்பியர் இழுக்கும். அதைச் சாதாரண 13 ஆம்பியர் பிளக்கில் செருகினால் பிளக் உருகிக் கருகும். மின்பெட்டியிலிருந்து தனி இணைப்பு, குளியலறைக்கு வெளியே 20 ஆம்பியர் இரட்டைத் துருவ சுவிட்ச், சரியான எர்த், 10 மில்லியாம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிடி ஆகிய நான்கும் இருந்தாக வேண்டும். ஹீட்டரின் முகப்பில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். ‘டக்’ என்று துண்டிக்காவிட்டால் அதைப் பழுது பார்க்கும் வரை பச்சைத் தண்ணீரில் குளியுங்கள். வாங்கும்போது சீரிம் தரச் சான்று முத்திரையைப் பாருங்கள். பொருத்த வருபவர் எரிசக்தி ஆணையமான சுருஹான்ஜாயா தெனாகாவில் பதிவு பெற்றவர்தானா என்பதையும், விலைக்குள் தனி இணைப்பு அடங்குமா, பழைய வயரிலேயே மாட்டிவிட்டுப் போவார்களா என்பதையும் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டு, பதிலை ரசீதில் எழுதி வாங்குங்கள்.