ரிம் கழுவும் ஊதா மருந்து: வேலை சுத்தம், நாற்றம் மோசம்

ரிம்மில் ஒட்டிய இரும்புத் தூளைக் கரைக்கிற அயர்ன் ரிமூவர் விலை இறங்கியதும் "ஒரு குப்பி எடுத்துப் போடலாமா அண்ணே?" என்று கேட்கிறவர்கள் கூடிவிட்டார்கள். எந்த பிராண்ட் என்பதில் பெரிய வித்தியாசம் இல்லை. பெரும்பாலான குப்பிகளில் வேலை செய்கிற சரக்கு அம்மோனியம் தியோகிளைகோலேட், இல்லாவிட்டால் அதன் சோடிய உப்பு. முடியைச் சுருட்ட சலூனில் தடவுவதும் இந்தக் குடும்பத்து மருந்துதான். அந்த நாற்றத்தைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. முதலில் நியாயமாக அதன் வேலையைச் சொல்லிவிடுகிறேன்.

கூட்டரசு நெடுஞ்சாலையில் மாலை நெரிசலில் ஊர்ந்து வருகிற காடியின் முன் ரிம்மைப் பாருங்கள். பிரேக் பிடிக்கும்போது பேடும் வார்ப்பிரும்பு டிஸ்க்கும் உரசித் தேய்கின்றன. தெறிக்கும் இரும்புத் துகள் சூடாகவே போய் ரிம்மின் கிளியர் கோட்டில் (பெயின்ட் மேல் போடும் நிறமற்ற பூச்சு) குத்தி உட்காருகிறது. மழை ஈரம் பட்டதும் அங்கேயே துருப்பிடித்து, மிளகுப்பொடி தூவியதுபோல் பழுப்புப் புள்ளிகளாகிறது. கெந்திங் மலையிலிருந்து கியரைக் குறைக்காமல் பிரேக்கிலேயே இறங்கினால் ஒரே நாளில் முன் ரிம் கறுத்துவிடும். மைவி, சாகா போன்ற காடிகளில் பெரும்பாலும் பின்னால் டிரம் பிரேக். தூளில் பெரும்பங்கு டிரம்முக்குள்ளேயே தங்கிவிடுவதால் பின் ரிம்மில் மருந்தைக் கொட்டுவது வீண் செலவு.

குத்தி உட்கார்ந்த துகளை ஷாம்பு ஒன்றும் செய்யாது. தேய்க்கத் தேய்க்கக் கிளியர் கோட்தான் கீறும். இந்த மருந்து துருவோடு வினைபுரிந்து அதைத் தண்ணீரில் கரைகிற ஊதா நிறச் சேர்மமாக மாற்றிவிடுகிறது. அழுத்தித் தேய்க்க வேண்டியதில்லை. அமிலத்தை நம்பி இயங்கும் சரக்கு இல்லை, பி.எச். நடுநிலையை ஒட்டியே இருக்கும். அதனால் பெயின்ட் அடித்து கிளியர் கோட் போட்ட ஸ்போர்ட் ரிம்முக்குப் பயமில்லாமல் அடிக்கலாம். வெறும் அலுமினியமாகப் பாலிஷ் போட்ட ரிம், உரியத் தொடங்கிய குரோம் ரிம் என்றால் கண்ணில் படாத மூலையில் முதலில் சோதித்துப் பாருங்கள்.

ஊதா வழிந்து ஓடுவது பார்க்க ஜோராக இருக்கும். ஏமாற்றுவதும் அதுதான். நிறம் ஓடினால் இரும்பு இருக்கிறது என்று அர்த்தம். அந்த இரும்பு கறைதான் என்று எழுதி வைக்கவில்லை. ரிம்மின் உள்பக்கம் ஒரே இடத்தில் மட்டும் எத்தனை முறை அடித்தாலும் கத்தரிக்காய் நிறத்தில் ஒழுகுகிறதா? டார்ச் அடித்துப் பாருங்கள். டயர் கடையில் பேலன்சிங் செய்யும்போது ஒட்டிய எடைக் கட்டிகள் அங்கே இருக்கும். இப்போது பல கட்டிகள் இரும்பில் வருகின்றன. மேல்பூச்சு போனதும் கட்டியே துருப்பிடித்து, கீழே பழுப்புக் கோடாக வடிகிறது. மருந்து அந்தக் கட்டியைத்தான் தின்றுகொண்டிருக்கும். பூச்சு நன்றாக இருக்கும் புதுக் கட்டி ஒட்டி மறுபடி பேலன்சிங் செய்தால் தீர்ந்தது. நட்டுத் துளைக்குக் கீழே வடிகிற கோடும் இதே கதை. நட்டு துருப்பிடித்திருந்தால் கறை இன்று போகும், அடுத்த மழைக்குத் திரும்பி வரும். டிஸ்க்கிலிருந்தும் ஊதா ஒழுகும். அதைக் கண்டு பதறி இன்னும் அடிக்காதீர்கள். அது வெறும் இரும்பு, ஓடத்தான் செய்யும்.

அடிக்கிற முறை எளிது. ரிம் கையால் தொடும் அளவுக்கு ஆறியிருக்க வேண்டும். வெயில் ஏறுமுன் காலையில் செய்வது நல்லது. முதலில் ஷாம்பு போட்டு மேல்தூளைக் கழுவிவிடுங்கள். இதைத் தாண்டிக் குதித்தால் பாதி மருந்து தளர்ந்த தூளிலேயே செலவாகிவிடும். நின்ற தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுங்கள், இல்லையேல் மருந்து நீர்த்துப் போகும். பிறகு ஒரு ரிம்முக்கு நாற்பது ஐம்பது அழுத்து. ஒரு அழுத்துக்குச் சுமார் 1 மில்லி என்று வைத்தால் 500 மில்லி குப்பி பத்து ரிம்முக்கு வரும். மூன்றிலிருந்து ஐந்து நிமிடம் விட்டு, மென்மையான பிரஷ்ஷால் ஆரங்களின் பின்பக்கத்தையும் உள்வட்டத்தையும் தடவிக் கொடுங்கள். காயவே விடக்கூடாது. காய்ந்தால் மருந்தே தடமாக நிற்கும். பிறகு தாராளமாகத் தண்ணீர். தரையையும் கையோடு கழுவுங்கள். வெளிர் நிற டைல்ஸ் இடுக்கில் ஊதா ஏறினால் வீட்டில் பதில் சொல்ல வேண்டிவரும். கடைசியாகக் காடியை மெதுவாக ஓட்டி நாலைந்து முறை பிரேக் மிதித்து டிஸ்க்கைக் காயவையுங்கள். அப்படியே ஈரத்தோடு நிறுத்தினால் மறுநாள் டிஸ்க்கில் ஆரஞ்சுத் துரு பூத்திருக்கும். முதல் மிதியில் அதுவும் ரிம்மில்தான் வந்து ஒட்டும்.

இனி என் எரிச்சல். குப்பியோடு வரும் ஸ்ப்ரே தலையை வடிவமைத்தவர் ஒரு நாளாவது குனிந்து ரிம் கழுவியிருப்பாரா? பனிமூட்டம்போல் அடிக்கிறது. ரிம்மில் ஒட்டுவதைவிட மூக்கில் ஏறுவது அதிகம். அழுகிய முட்டையும் சலூனும் கலந்த அந்த வாசனை சட்டையிலும் துணியிலும் குடியேறிவிடும். சில குப்பிகளில் செர்ரி வாசனை சேர்க்கிறார்கள், அது கூத்து. வெயிலில் நின்ற காடியின் பூட் பெட்டியில் குப்பியை வைத்தால் உள்காற்று விரிந்து வாய்வழியே கசிகிறது. பூட் கம்பளத்தில் சிந்தினால் வாரக்கணக்கில் மணக்கும். ஸ்ப்ரே தலையைக் கழற்றி, நுரையாகவோ கனமான துளியாகவோ அடிக்கிற வேறொன்றை மாட்டுங்கள், பாதி வேதனை குறையும். வேலை முடிந்ததும் அதில் நல்ல தண்ணீர் விட்டு அழுத்திக் கழுவி, குப்பிக்கு வெறும் மூடி போட்டு நிழலில் நிமிர்த்தி வையுங்கள். பிரஷ்ஷை முக்கி எடுத்த மிச்சத்தைக் குப்பியில் திருப்பி ஊற்றினால் உள்ளே இருப்பது முழுக்க ஊதாவாகிக் கெட்டுப்போகும். நைட்ரைல் கையுறை கட்டாயம். இது தோலில் ஒவ்வாமை கிளப்பக்கூடிய சரக்கு.

இந்த மருந்தால் முடியாததும் உண்டு. கறுத்துக் கெட்டியான தார்ப் புள்ளிக்குத் தார் ரிமூவர்தான். நடைபாதை விளிம்பில் உரசிய ரிம்மில் கிளியர் கோட்டுக்கு அடியில் வெள்ளைப் புழுபோல் நெளிகிற அரிப்புக்கு எந்தக் குப்பியும் உதவாது. ஈரமும் உப்பும் உள்ளே போய் அலுமினியத்தையே தின்கிறது. பினாங்கின் பத்து பெரிங்கி பக்கம் கடற்காற்றில் நிறுத்துகிறவர்கள், சின்ன உரசலாக இருந்தாலும் உடனே பூச்சு போட்டு அடைப்பது நல்லது. கழிப்பறை கழுவும் அமிலத்தை ரிம்மில் ஊற்றுகிற கெட்டிக்காரர்களும் இருக்கிறார்கள். கறை போகும், உரசிய இடத்தில் அலுமினியமும் நட்டின் முலாமும் கூடவே போகும். எண்ணெய் ஸ்ப்ரே அடித்துத் துடைப்பது இன்னும் ஆபத்து. பேடில் பட்டால் பிரேக்கே பிடிக்காது.

தீர்ப்பு என்ன? குத்திய இரும்பை எடுப்பதில் ஷாம்பு இதன் கிட்டே வராது, காடிக்கென்று விற்கும் களிமண் கட்டி (கிளே பார்) வைத்து தேய்ப்பதும் இத்தனை நோகாமல் முடியாது. ஆனால் காண்டோ அடுக்குமாடியில் இருக்கிறவருக்கு வாங்காதே என்றுதான் சொல்வேன். அடித்தள கார் பார்க்கில் கழுவப் பல இடங்களில் தடை, தடை இல்லாவிட்டாலும் அந்த மூடிய இடத்தில் இதை அடித்தால் பக்கத்து வீட்டுக்காரர் காவலாளியைக் கூட்டி வருவார். காசு போட்டுக் கழுவும் இடத்திலோ, ஐந்து நிமிடம் ஊறவிடும் நேரத்தில் மீட்டர் ஓடிக்கொண்டிருக்கும். அந்தக் காசை அடுத்த பேட் மாற்றலுக்குச் சேர்த்து வைத்து செராமிக் பேட் போடுங்கள். விலை கூடத்தான், தூள் குறைவு, வருவதும் வெளிர் நிறத்தில் வந்து ஷாம்புக்கே பெரும்பாலும் போய்விடும். லிங்க் வீட்டுக்காரர், பார்ச்சில் குழாய் வசதி உள்ளவர் ஒரு குப்பி வைத்துக்கொள்ளலாம். வருடத்துக்கு இரண்டு மூன்று முறை அடித்தால் தாராளம். சலுகை விலை என்று ஐந்து லிட்டர் கேன் மட்டும் தூக்கி வராதீர்கள், தீர்வதற்குள் காடியே விற்றுப்போயிருக்கும்.