புதைந்துபோன எல்லைக்கல்லைத் தேட எது சரி? மேக்னடிக் லொகேட்டரா, மெட்டல் டிடெக்டரா, ஆர்டிகேவா, கடப்பாரையா?

நில அளவைத் தொழிலுக்குப் புதிதாக வரும் தம்பிகள் அடிக்கடி கேட்பது இது: "அண்ணா, வெளிநாட்டு வீடியோவில ஒரு மஞ்சள் தடியை ஆட்டுறாங்க, அது கத்துற இடத்துல தோண்டினா எல்லைக்குறி கிடைச்சிடுது, நாமளும் ஒண்ணு வாங்கிடலாமா?" வாங்கலாம். ஆனால் மேக்னடிக் லொகேட்டர் என்கிற அந்தத் தடி கல்லைக் காட்டாது, இரும்பைத்தான் காட்டும். அமெரிக்காவில் நிலத்தின் மூலையில் பெரும்பாலும் அடிப்பது இரும்புக் கம்பியோ குழாயோதான். நம் வேலூர், குடியாத்தம், ஆரணி பக்கம் கழனியிலும் கொல்லையிலும் புல மூலையில் நிற்பது கருங்கல். அதன் தலைக்கு நேர் மேலே லொகேட்டரைப் பிடித்தாலும் வாயைத் திறக்காது. ஆகவே, மண்ணுக்குள் என்ன இருக்க வேண்டும் என்று முதலில் தீர்மானித்துவிட்டுக் கருவியை எடுங்கள்.

பழைய சர்வே கல் என்றால் இன்றும் எஃப்.எம்.பி (சர்வே துறையின் புல அளவுப் படம்), டேப், கடப்பாரை இந்த மூன்றையும் மிஞ்ச ஒன்றும் இல்லை. நிற்கிற கல் இரண்டைப் பிடித்து, அவற்றுக்கு இடையிலான தூரம் படத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு, இரண்டு கல்லிலிருந்தும் காணாமல் போன மூலைக்குப் படத்தில் உள்ள தூரத்துக்கு டேப்பால் வில் போட்டால், இரண்டு வில்லும் வெட்டிக்கொள்கிற இடத்தில் மூலை வந்துவிடும். கையில் இருப்பது பழைய லிங்க்ஸ் கணக்குப் படம் என்றால் 100 லிங்க்ஸ் 66 அடி, அதாவது ஒரு லிங்க் ஏறக்குறைய 20.1 செ.மீ. என்று வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். மீட்டர் என்று நினைத்து லிங்க்ஸை அளந்தால் பக்கத்து ஊருக்கே போய்விடுவோம். இடம் வந்ததும் கடப்பாரையால் மெதுவாகக் குத்திப் பாருங்கள். வெட்டிச் செதுக்கிய கல்லில் இடித்தால் வருகிற கணீர் சத்தமும் கையில் ஏறுகிற அதிர்வும், மண்ணுக்குள் கிடக்கிற வெறும் பாறைத் துண்டில் வராது. ஏரிக்கரையிலும் கானாற்று ஓரத்திலும் வண்டல் ஏறி ஒன்றிரண்டு அடி ஆழத்துக்குப் போன கற்கள் இப்படித்தான் கிடைக்கும். ஜேசிபி விட்டு வரப்பைச் சமன் செய்த நிலத்தில் கல்லே பெயர்ந்து வேறு இடத்தில் கிடக்கலாம். அதனால் கல் கிடைத்தாலும் அளவு ஒத்துப்போகும் வரை நம்பக்கூடாது.

சரி, லொகேட்டருக்கு இங்கே என்ன வேலை? நிறைய இருக்கிறது. காட்பாடி, சத்துவாச்சாரி, ராணிப்பேட்டை சுற்றி வந்திருக்கிற மனைப் பிரிவுகளில் பல இடங்களில் ஊன்றியிருப்பது வார்ப்பு சிமெண்ட் கல். அதற்குள் கம்பி ஓடும். லாரி ஏறி மேல் பாதி உடைந்து போனாலும் கம்பியோடு அடிப்பாகம் மண்ணுக்குள் இருக்கும். டோட்டல் ஸ்டேஷன் (தூரமும் கோணமும் அளக்கும் கருவி) வைத்து வேலை செய்தவர்கள் அடித்த கம்பி, ரோட்டு ஓரத்தில் இறக்கிய ஆணி, மேலே புதிதாகத் தார் போட்டு மூடியது எல்லாம் இருக்கும். இந்த மாதிரி இடங்களில் கடப்பாரை வைத்துக் குத்திக்கொண்டிருப்பது உடம்பை வீணாக்குவது. லொகேட்டர் நிமிடக் கணக்கில் முடித்துக் கொடுக்கும்.

மெட்டல் டிடெக்டரோடு இதை ஒப்பிடுகிறவர்கள் அதிகம், இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொள்வதால். டிடெக்டர் தானே ஒரு காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்பி, அது எந்த உலோகத்தில் பட்டாலும் திரும்பி வருவதைக் கேட்கிறது. லொகேட்டர் எதையும் அனுப்புவதில்லை. தடிக்குள் சுமார் அரை மீட்டர் இடைவெளியில் இரண்டு சென்சார் இருக்கிறது, இரண்டும் உணர்கிற காந்தப்புலத்தில் வித்தியாசம் வந்தால் சத்தத்தை ஏற்றுகிறது, அவ்வளவுதான். அதனால் செம்பு, பித்தளை, அலுமினியம் எதற்கும் அசையாது. காலி மனையில் கிடக்கிற பாக்கு பாக்கெட், அலுமினியத் தாள், ஒயர் துண்டு எல்லாவற்றுக்கும் கத்துகிற டிடெக்டரை வைத்துக்கொண்டு ஒரு மூலையைத் தேடினால் பொழுது போய்விடும். ஆழத்திலும் லொகேட்டர்தான் மேல்: கையளவு உலோகத்தை ஓரடி தாண்டி டிடெக்டர் பிடிப்பது சிரமம், நின்ற கம்பியை லொகேட்டர் அதைவிட நன்றாகவே கீழே பிடிக்கும். ஒரே ஒரு இடத்தில் டிடெக்டர் ஜெயிக்கும். ஊன்றியிருப்பது பித்தளைத் தகடு என்று தெரிந்தால் அதுதான் வழி.

செல்போன் காந்த ஆப் பற்றியும் கேட்கிறார்கள். நம் பக்கம் பூமியின் காந்தப்புலம் சுமார் 40 மைக்ரோடெஸ்லா. போன் அதை மொத்தமாக அளக்கிறது, போனைக் கொஞ்சம் திருப்பினாலே எண் ஆடும். மண்ணை ஒட்டி இருக்கிற கம்பியைக் காட்டலாம், ஓரடி கீழே போனதைக் காட்டாது. தொழிலுக்கு ஆகாது.

ஆர்டிகே (செயற்கைக்கோள் வைத்துத் துல்லியமாக இடம் காட்டும் ஜிபிஎஸ் கருவி) வைத்திருப்பவர்கள் லொகேட்டரே தேவையில்லை என்பார்கள். பிக்ஸ், அதாவது துல்லியமான நிலை, கிடைத்தால் ஒன்றிரண்டு சென்டிமீட்டருக்குள் நிற்க வைக்கும் கருவி அது, மறுக்க முடியாது. ஆனால் நம் எஃப்.எம்.பி படத்தில் இருப்பது தூரமும் குறுக்களவும், அட்சரேகை தீர்க்கரேகை இல்லை. முதலில் நிற்கிற கல் இரண்டு மூன்றை ஆர்டிகேயில் எடுத்து, படத்தை அதன்மேல் உட்கார வைத்த பிறகுதான் காணாமல் போன மூலைக்கு வழி சொல்லும். அந்தக் கற்களில் ஒன்று நகர்ந்திருந்தால் தப்பான இடத்துக்கு மிகத் துல்லியமாகக் கூட்டிப்போகும். புளியமரம், தென்னந்தோப்பு நிழலில் பல நேரம் பிக்ஸே வராது. இடத்தைச் சொல்வது ஆர்டிகே, அந்த இடத்தில் பொருள் இருக்கிறதா என்று சொல்வது லொகேட்டர். இரண்டும் போட்டி என்பதைவிட முன்னும் பின்னும் வருகிற வேலை என்பேன்.

இனி லொகேட்டரை எப்படிப் பிடிப்பது. வெளிநாட்டுக் கையேட்டில் இருப்பதை அப்படியே நம் ஊரில் செய்தால் ஏமாற்றம்தான் வரும், காரணம் பூமியே. அமெரிக்காவில் பூமியின் காந்தப்புலம் பெரும்பாலான இடங்களில் செங்குத்தான சாய்வில் தரைக்குள் இறங்குகிறது, நின்ற கம்பிக்குத் தானாகவே காந்தம் ஏறிவிடும். இந்தியாவின் தென்முனையை ஒட்டிக் காந்த நடுக்கோடு, அதாவது புலம் தரைக்கு இணையாகப் படுத்துவிடுகிற கோடு, போகிறது (தும்பாவில் ராக்கெட் தளம் அமைந்து 1963இல் முதல் ராக்கெட் கிளம்பியதற்கும் இதுவே காரணம்), அதனால் வேலூரில் புலம் ஏறக்குறைய படுத்த நிலையில் தெற்கு வடக்காக ஓடுகிறது. நின்ற கம்பிக்கு இங்கே அவ்வளவாக ஏறாது. கம்பி தயாரானபோதோ சம்மட்டியால் அடித்தபோதோ ஏறிய காந்தம் எவ்வளவு மிச்சமோ அதை நம்பித்தான் சத்தம். அவர்கள் எழுதியிருக்கிற ஆழத்தை இங்கே எதிர்பார்க்காதீர்கள்.

இன்னொன்று, இது பலருக்குத் தெரிவதில்லை. காந்தம் ஏறாத குட்டை இரும்புத் துண்டு கீழே இருந்தால், நம் பக்கம் சத்தம் நேர் மேலே உச்சத்துக்குப் போகாது. அதற்கு வடக்கே ஒன்றும் தெற்கே ஒன்றுமாக இரண்டு உச்சம் வரும், நடுவில் சத்தம் விழும். சத்தம் அதிகமான இடத்தில் தோண்டினால் குழிதான் மிச்சம். ஆகவே கிழக்கு மேற்காக ஒரு முறை, தெற்கு வடக்காக ஒரு முறை என்று குறுக்கே ஆட்டிப் பாருங்கள். தெற்கு வடக்கில் இரண்டு உச்சம் வந்தால் நடுவில் தோண்டுங்கள். அந்த இரண்டு உச்சமும் நன்றாகத் தள்ளி இருந்தால் கீழே நீளமான குழாய் படுத்திருக்கலாம், அதன் இரண்டு முனையும்தான் கத்துகிறது. எந்தப் பக்கம் ஆட்டினாலும் ஒரே இடத்தில் கூர்மையான ஒற்றை உச்சம் வந்தால் நின்ற கம்பி, அதுதான் நமக்கு வேண்டியது.

கை வாட்சைக் கழற்றுங்கள், இரும்பு மூக்கு வைத்த ஷூ வேண்டாம், பைக்கைத் தள்ளி நிறுத்துங்கள். முதலில் உணர்திறனை ஏற்றி வைத்து நிதானமாகப் பெருக்குகிற மாதிரி அகலமாக ஆட்டிப் போங்கள், சத்தம் கிடைத்ததும் குறைத்துக்கொண்டு நுனியைத் தரைக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள். பிறகு தடியை மெல்லத் தூக்குங்கள். மேலே கிடக்கிற ஆணி என்றால் ஒரு சாண் தூக்கியதுமே சத்தம் செத்துவிடும். ஆழத்தில் இருக்கிற கம்பி சட்டென்று விடாது. இந்த ஒரு சோதனை பாதி வெட்டிக் குழிகளை மிச்சப்படுத்தும். கம்பி வேலி ஓரத்தில் தடியை நிமிர்த்திப் பிடித்தால் வேலிதான் கேட்கும். தரைக்குப் படுத்த மாதிரி, வேலிக்குக் குறுக்காக, கைப்பிடி வேலியை விட்டுத் தள்ளி இருக்கும்படி பிடித்து, நுனியை மூலைப் பக்கம் வைத்து நகருங்கள். திடீரென்று மாறுகிற இடம் கம்பி.

நம் பக்கத்துக்கே உரிய இரண்டு தொல்லை உண்டு. வேலூர் மாவட்டப் பாறையில் கறுப்பு டோலரைட் பாறைக் கோடுகள் நிறைய ஓடுகின்றன, அதில் மேக்னடைட் என்கிற காந்தக் கனிமம் இருப்பதால் தடி சும்மா கத்தும். ஆனால் அந்தச் சத்தம் பல அடிக்கு மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும், கம்பி மாதிரி கூர்மையாக இருக்காது. இரண்டாவது, செங்கல். சூளையில் வெந்த செங்கல் காந்தத்தைப் பிடித்துக்கொள்ளும். பழைய சூளை இருந்த நிலமும் செங்கல் ஜல்லி போட்டு நிரப்பிய மனையும் முழுக்க முணுமுணுக்கும், அங்கே லொகேட்டரை மூட்டை கட்டிவிட்டு டேப்பை எடுங்கள்.

ஆக என் கருத்து: கழனி, கொல்லை, பட்டா புல எல்லை அளப்பதுதான் உங்கள் முக்கிய வேலை என்றால் லொகேட்டருக்கு முன் நல்ல டேப்பும், முடிந்தால் ஆர்டிகேவும் வாங்குங்கள். மனைப் பிரிவு, ரோட்டு வேலை அதிகம் என்றால் லொகேட்டரில் போடுகிற காசு திரும்பி வரும். மெட்டல் டிடெக்டரை இந்த வேலைக்காக மட்டும் வாங்காதீர்கள்.

நீங்களே மனைக்கல் ஊன்றும்போது ஒரு காரியம் செய்துவிடுங்கள். பழைய ஸ்பீக்கரில் இருக்கிற கறுப்பு வளையக் காந்தம் துரு பிடிக்காது, பழைய சாமான் கடையில் கிடைக்கும். குழியின் அடியில் அதைத் தட்டையாக வைத்து, மேலே ஒரு சாண் மண் போட்டு, அதன்மேல் கல்லை நிறுத்துங்கள். தட்டையாக வைத்தால் அதன் காந்தம் நேராக மேலே பார்க்கும், பூமி தராததை அது தரும். கல்லை யாரோ பிடுங்கிப் போட்டாலும் இடம் போகாது. வரைபடத்தில் அந்த மூலைக்குப் பக்கத்தில் "கீழே காந்தம்" என்று எழுதி, வீட்டுக்காரரிடம் ஒரு நகல் கொடுத்துவிடுங்கள். அரசு ஊன்றிய சர்வே கல்லில் மட்டும் கை வைக்காதீர்கள், அதை நகர்த்துவது குற்றம்.